பொறுப்பம்மா மோட்டார்களை நிறுத்திய கதை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அலுவலகத்திலும், ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளிலும், கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடையிலும் அவர் எல்லாருக்கும் பொறுப்பம்மாதான். இயக்குநர் விடுப்பில் போனால் பொறுப்பு அவருக்கு. இயக்குநர் மாற்றலாகி அடுத்தவர் வந்து சேரும்வரையும் பொறுப்பு அவருக்கு. இயக்குநர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாலும், எழுத்தில் இல்லாவிட்டாலும், பொறுப்பு அவருக்குத்தான். துணை அலுவலர் பதவியிலிருந்து உயர்வு மட்டும் வரவில்லை. “உங்களை மாதிரி பொறுப்பான ஆளை அந்த சீட்டை விட்டு எடுத்தா ஆபீஸே படுத்துடும்மா” என்று ஒவ்வொரு இயக்குநரும் தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு, தான் மட்டும் உயர்ந்து போனார்.

ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் பெரிய அளவில் தண்ணீர் எடுப்பவர்களை ஒழுங்குபடுத்துவதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. குடத்தில் மொள்கிறவர்களுக்கு அனுமதி தேவையில்லை. ஆள் நுழைகிற அகலத்தில் குழாயை இறக்கி, இராப்பகலாக உறிஞ்சுகிறவர்களுக்குத்தான் உரிமம். குளிர்பானத் தொழிற்சாலை ஒன்று, பணக்கார வீடுகளுக்குப் புல்தரை வளர்த்து விற்கும் கம்பெனி ஒன்று, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பழத்தோட்டம் போட்ட கம்பெனி ஒன்று. இந்த மூவரும்தான் ஆற்றின் பெரிய மாப்பிள்ளைகள். வந்தால் போக மாட்டார்கள், எவ்வளவு போட்டாலும் போதும் என்று சொல்ல மாட்டார்கள்.

உரிமத்தில் நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. கடைசி நிபந்தனை இப்படிச் சொல்லும்: பாலத்துத் தூணில் ஒரு சிவப்புக் கோடு அடித்திருக்கிறது, ஆற்று நீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பெரிய மோட்டார்கள் எல்லாம் நிற்க வேண்டும், மிச்சமிருக்கிற தண்ணீர் ஆற்றுக்கே. அதாவது மீனுக்கு, நாணலுக்கு, கீழே இருக்கிற ஊர்களின் கிணறுகளுக்கு. அருமையான விதி. எல்லாருக்கும் அதன்மேல் அவ்வளவு மரியாதை. அதனால்தான் யாருமே அதன் கிட்டே போனதில்லை.

ஒவ்வொரு கோடையிலும் ஆறு கோட்டுக்குக் கீழே போகும். ஒவ்வொரு கோடையிலும் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும். பிஸ்கட் வரும். ‘நிலைமை உன்னிப்பாகக் கவனிக்கப்பட்டு வருகிறது’ என்று முடிவெழுதுவார்கள். அதில் ‘உன்னிப்பாக’ என்ற சொல்லைச் சேர்த்தது பொறுப்பம்மாதான். நிர்வாகத்துக்குத் தன் பங்களிப்பு என்று பல வருடம் அதை நினைத்துப் பெருமைப்பட்டும் இருக்கிறார்.

அவர் புரட்சிக்காரி ஒன்றும் இல்லை. காலையில் பஸ், சாயங்காலம் பஸ், நடுவில் கோப்பு. கணவர் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்கிறவர். எந்த வண்டிக்கு எந்த நட்டு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். வீட்டில் மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் யார் பக்கம் நிற்பது என்று கேட்டால், கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். அந்தத் தங்கை, அதாவது பொறுப்பம்மாவின் நாத்தனார், அடுத்த தெருவிலேயே இருந்தாள். அவளுடைய கணவர் குளிர்பானத் தொழிற்சாலையில் தண்ணீர்ப் பிரிவு மேலாளர். உறவில் எல்லாரும் அவரை மேனேஜர் மாப்பிள்ளை என்பார்கள். வீட்டில் நாலு பேர் கூடினால் மாப்பிள்ளை கணக்கில் ஒரு பெட்டி கலர் வந்து இறங்கிவிடும். ஒழுங்குபடுத்தும் அலுவலகமும் ஒழுங்குபட வேண்டிய தொழிற்சாலையும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிரித்துப் பேசின. இதைவிட நல்லுறவு எந்த நாட்டில் உண்டு?

அந்த வருடக் கோடை முந்தியவை போல இல்லை. பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது பொறுப்பம்மா ஜன்னல் வழியே பார்த்தார். ஒரு தெருநாய் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆற்றை நடந்தே கடந்தது. வயிறு நனையவில்லை. நடு ஆற்றில் நின்று காதைச் சொறிந்துகொள்ளவும் அதற்கு வசதி இருந்தது. சிவப்புக் கோடு, மாடிவீட்டு ஜன்னல் மாதிரி, எங்கோ உயரத்தில் தெரிந்தது.

இயக்குநர் அப்போது ஊரில் இல்லை. நதிகளைக் காப்பது பற்றிய சர்வதேச மாநாட்டுக்காக வெளிநாடு போயிருந்தார். அங்கே அவர் வாசிக்க வேண்டிய உரையை எழுதிக் கொடுத்ததும் பொறுப்பம்மாதான். ஆகவே வழக்கம்போல் இங்கே பொறுப்பும் அவருக்கே.

அந்த வாரம்தான் கீழ்க்கரையிலிருந்து ஒரு வலைக்காரர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதைத் தூக்கி வரவேற்பு மேசைமேல் வைத்தார். உள்ளே செத்த மீன்கள்.

“இது என்னங்க?” என்றார் வரவேற்பு மேசைக்காரர், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

“மனு” என்றார் வலைக்காரர்.

“மனுன்னா பேப்பர்ல எழுதித் தரணும்.”

“எழுதிக் குடுத்தாச்சு. போன வருஷம் ஒண்ணு, அதுக்கு முந்தின வருஷம் ஒண்ணு. நீங்க படிக்கிறதில்ல. இதை மோந்து பாருங்க, படிக்கவே வேணாம்.”

சொல்லிவிட்டு வாளியை அங்கேயே விட்டுப் போய்விட்டார். இப்போது அலுவலகத்தில் பெரிய சட்டப் பிரச்சினை எழுந்தது. வந்த மனுவைத் தூக்கி எறியக் கூடாது என்பது விதி. பதிலும் போட வேண்டும். கோப்பில் வைத்துத் தைக்கவும் முடியாது. யோசித்து யோசித்து, கட்டடத்திலேயே குளிர்ச்சியான இடம் இயக்குநரின் ஏசி அறைதான் என்று கடைநிலை ஊழியர் கண்டுபிடித்து, வாளியை அங்கே கொண்டுபோய் வைத்தார். பொறுப்பு என்பதால் பொறுப்பம்மா உட்கார வேண்டியதும் அதே அறையில்தான்.

ஊரில் பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். இயற்கைமேல் உள்ள பாசம் என்றார்கள், மனசாட்சி விழித்துக்கொண்டது என்றார்கள். இருக்கலாம். ஆனால் அந்த அறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தவருக்கு மனசாட்சிக்கு முன்னால் குடல்தான் விழித்துக்கொண்டது. மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு அவர் இயக்குநருக்குப் போன் போட்டார்.

“சார், ஆறு கோட்டுக்குக் கீழ போயிடுச்சு.”

“எவ்வளவு கீழம்மா?”

“இதுக்குக் கீழ மணல்தான் சார்.”

“அடடா. அம்மா, என்னை மேடைக்குக் கூப்பிடறாங்க. நதிகளின் உரிமை பத்திப் பேசணும். நீங்க பாத்து பண்ணுங்க.”

இந்த இடத்தில் ‘பாத்து பண்ணுங்க’ என்பதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். அந்த அலுவலகத்தில் அதற்கு ‘எதையும் பண்ணாதீர்கள், ஆனால் நான் பண்ண வேண்டாம் என்று சொன்னதாக இருக்கக் கூடாது’ என்று பொருள். நன்றாக நடந்தால் பெயர் சொன்னவருக்கு, கெட்டுப்போனால் பழி கேட்டவருக்கு. பொறுப்பம்மா தன் உத்தியோக காலம் முழுக்க இந்த இரண்டு சொற்களின் நிழலில்தான் பிழைத்தார். பாத்து பண்ணுங்க என்றால் பார்ப்பார். பண்ண மாட்டார்.

அன்று அவர் ரிசீவரை வைத்துவிட்டு வாளியைப் பார்த்தார். வாளியில் ஒரு மீன், வாய் திறந்தபடி, ஏதோ கேட்க வந்து பாதியில் நின்ற மாதிரி அவரைப் பார்த்தது. பார்த்தாகிவிட்டது. இனி பண்ண வேண்டியதுதானே பாக்கி?

உத்தரவை அவரே தட்டச்சு செய்தார். மூன்று கம்பெனிகளும் உடனே மோட்டார்களை நிறுத்த வேண்டும். கீழே கையெழுத்து, அதற்குக் கீழே ‘பொறுப்பு’.

உத்தரவு கிடைத்ததும் மூன்று கம்பெனிகளும் பதறிப் போயிருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பழத்தோட்டக் கம்பெனி, அறுவடை முடிந்ததும் கட்டாயம் நிறுத்துவதாக எழுதியது. புல்தரைக் கம்பெனி, புல்லும் பச்சைதான், ஆகவே நாங்களும் சுற்றுச்சூழல்தான் என்று எழுதியது. குளிர்பானத் தொழிற்சாலை, உத்தரவைப் புரிந்துகொள்ள அவகாசம் வேண்டும் என்று கேட்டது. உத்தரவில் இருந்ததே ஒரு வாக்கியம்.

“ஜீப்பை எடுங்க” என்றார் பொறுப்பம்மா.

சீல் வைக்கிறவரையும் கூட்டிக்கொண்டார். அவர் ஈயச் சீலும் கம்பியும் குறடுமாகப் பல வருடம் அந்த அலுவலகத்தில் இருந்தவர். ஆனால் அதுவரை சீல் வைத்ததெல்லாம் அனுமதியில்லாமல் ஓட்டிய கார் கழுவும் கடை, செங்கல் சூளை என்று சில்லறைகளுக்குத்தான். குளிர்பானத் தொழிற்சாலைப் பக்கம் ஜீப் திரும்பியதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

“மேடம், நிஜமாவா?”

“சும்மா காத்து வாங்கவா வந்திருக்கோம்?”

“இல்ல, அங்க உங்க வீட்டு மாப்பிள்ளை...”

“அவருக்கு நான் சீல் வைக்கப் போறதில்ல. மோட்டாருக்குத்தான்.”

மேனேஜர் மாப்பிள்ளை வாசல்வரை வந்து வரவேற்றார். “வாங்க தங்கச்சி, வாங்க! ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே” என்று ஏசி அறையில் உட்காரவைத்தார். பனி பூத்த பாட்டில்கள் வந்தன. பொறுப்பம்மா தொடவில்லை. சீல்காரர் மட்டும் ஒன்றைக் குடித்துவிட்டு, அதற்காக வெட்கப்பட்டார்.

“மோட்டார் ரூம் எங்கண்ணா?”

“ரூம் சாவி எலெக்ட்ரீஷியன்கிட்ட இருக்கும்மா. அவன் லீவு. நாளைக்கு வாங்களேன், நானே கூட்டிப் போறேன்.”

“அப்படியா” என்று எழுந்தவர், சத்தம் வந்த திசையில் நடந்தார். மோட்டார் ரூமைக் கண்டுபிடிக்க வழிகாட்டி தேவைப்படவில்லை. தரையே அதிர்ந்தது. கதவும் திறந்துதான் இருந்தது. லீவில் போன எலெக்ட்ரீஷியன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உரிமம் இரண்டு மோட்டாருக்கு. உள்ளே நான்கு இருந்தன.

“இது ரெண்டும்?” என்று கேட்டார் பொறுப்பம்மா.

“அது ஸ்பேர் தங்கச்சி.”

“ஸ்பேர் ஏன் ஓடுது?”

“ஓட்டி வைக்கலேன்னா துருப்பிடிச்சிடும்.”

“எப்பலேர்ந்து ஓட்டி வைக்கிறீங்க?”

மாப்பிள்ளை எலெக்ட்ரீஷியனைப் பார்த்தார். எலெக்ட்ரீஷியன் டிபன் பாக்ஸைப் பார்த்தார். “வாங்குன நாள்லேர்ந்து” என்றார் அப்பாவியாக.

சுவிட்சை அணைத்ததும் அந்தக் கட்டடத்தில் ஒரு நிசப்தம் விழுந்தது. எலெக்ட்ரீஷியனுக்கு அந்தச் சத்தமின்மை பழக்கமில்லை போலும், இரண்டு காதையும் விரலால் குடைந்து பார்த்துக்கொண்டார். சீல்காரர் முதல் சீலை ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். முடிச்சு ஒழுங்காகத்தான் விழுந்திருந்தது. நான்காவது மோட்டாருக்கு வந்தபோது உதட்டில் ஒரு சீட்டியே வந்துவிட்டது.

“தங்கச்சி, குடும்பம்னு ஒண்ணு இருக்கு” என்றார் மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி.

“தெரியும்ணா. அதான் உங்க இடத்துக்கு முதல்ல வந்தேன். மத்தவங்க நாளைக்கு என்னைக் கை நீட்டிப் பேசக் கூடாது பாருங்க.”

மற்ற இரண்டு இடங்களுக்கும் அன்றே போய்ச் சீல் வைத்து முடித்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பினால், நாத்தனார் அவருக்கு முன்பே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, அடுத்த அழுகைக்குத் தயாராக இருந்தாள்.

“ஏன் அண்ணி, ஊர்ல உங்களுக்கு வேற கம்பெனியே கிடைக்கலையா?”

“எல்லாத்துக்கும்தான் வச்சிருக்கேன்.”

“அப்ப எங்களுதையும் அந்த எல்லாத்துல சேர்த்துட்டீங்க! அண்ணா, கேட்டியா உன் பொண்டாட்டி பேசறதை?”

அண்ணன் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாத்தனார் எழுந்து, இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவசரத்தில் அண்ணியின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கோபமாகப் போனதால் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

அதையெல்லாம் பொறுப்பம்மா தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது அடுத்த நாள் பஸ் நிறுத்தத்தில் வந்தது. குளிர்பானத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பெண் ஒருத்தி, அவரை அடையாளம் கண்டு, பக்கத்தில் வந்து நின்றாள். சண்டைக்கு வரவில்லை.

“மேடம், வேலை இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எப்ப திறப்பாங்கன்னு சொன்னீங்கன்னா, அதுவரைக்கும் எங்கயாவது பாத்திரம் கழுவப் போவேன். அதுக்குத்தான் கேக்கறேன்.”

“மழை வந்ததும்மா” என்றார் பொறுப்பம்மா.

“மழை எப்ப வரும்?”

அதற்கு எந்த அலுவலகமும் பொறுப்பில்லை. பஸ் வந்தது. அன்று முழுக்க, எவ்வளவு மேலிடத்திலிருந்து போன் வந்தபோதும், அவர் காதில் அந்தப் பெண்ணின் கேள்விதான் விழுந்துகொண்டிருந்தது. மோட்டார் நான்கும் ஓடியபோது யாருக்கு எவ்வளவு போனது, நின்றபோது யார் முதலில் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்து என்ன செய்வது? தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நிலைமை உன்னிப்பாகக் கவனிக்கப்பட்டு வருவதாக அவர்கள் பதில் போட்டார்கள்.

மேலிடத்துப் போன்கள் ஓயவில்லை. பெயர் சொல்லாத குரல்கள், பெயரைச் சொல்லியே மிரட்டிய குரல்கள், அன்பாக அக்கறை காட்டிய குரல்கள். “பாத்து பண்ணுங்கம்மா” என்று எல்லாரும் சொன்னார்கள். “அதுதான் பண்ணிட்டேனே” என்று எல்லாருக்கும் சொன்னார்.

ஆறு பொங்கிப் பாய்ந்துவிடவில்லை. முதலில் குட்டைகளுக்கு நடுவில் நூல் மாதிரி ஓர் ஈரம் ஓடியது. நூல் கயிறாகியது, கயிறு கணுக்காலளவு ஓடையாகியது. தெருநாய்கள் பாலத்தின் வழியே போகத் தொடங்கின. ஒரு நாள் வலைக்காரர் மறுபடி அலுவலகத்துக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“என் வாளியைக் குடுங்க” என்றார் அவர்.

“மீன் வந்துச்சாங்க?” என்று கேட்டார் பொறுப்பம்மா.

“பொடிசுங்க தெரியுது. பெருசாகட்டும். வாளியைக் கழுவி வச்சிருக்கீங்களா?”

மாநாட்டோடு சேர்த்து எடுத்த விடுப்பும் முடிந்து, இயக்குநர் விமான நிலையத்திலிருந்து நேராக அலுவலகம் வந்தார். மாநாட்டுப் பையும் கழுத்தில் அட்டையும் இன்னும் தொங்கின. அறைக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

“யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?”

“உங்களைக் கேட்டுத்தான் சார். பாத்து பண்ணுங்கன்னீங்க.”

“பாத்து பண்ணுங்கன்னா, பண்ணுங்கன்னு அர்த்தமா? இத்தனை வருஷ சர்வீஸ் உங்களுக்கு, இதுகூடத் தெரியாதா?”

 கீழே டிவிக்காரர்கள் கேமராவோடு நிற்பதைப் பொறுப்பம்மா ஜன்னல் வழியே பார்த்திருந்தார். செத்துப்போன ஆறு எழுந்து நடக்கிறது என்று முந்தின நாளே செய்தியில் காட்டியிருந்தார்கள்.

“சார், கீழ டிவிக்காரங்க வந்திருக்காங்க. உத்தரவு போட்ட அதிகாரியைப் பாக்கணுமாம். நான் போகவா, நீங்க போறீங்களா?”

இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். கோபம் முகத்திலிருந்து இறங்கிய வேகத்தைப் பார்த்தால் அதற்கும் யாரோ மோட்டார் வைத்து உறிஞ்சியிருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

“வெளிநாட்டில் இருந்தபோதும் என் நெஞ்சில் இந்த ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது” என்று அவர் கேமராவுக்குச் சொன்னபோது, பொறுப்பம்மா பின்னால் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயிறு எரியவில்லை என்றால் அது பொய். நன்றாகவே எரிந்தது. ஆனால் ஒரு கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. உத்தரவு தன்னுடையதாக இருந்தால் மறுநாளே கிழித்துப் போடுவார்கள், தன்னையும் எங்காவது தூக்கியடிப்பார்கள். இயக்குநருடையதாகிவிட்டால் அதைக் கிழிக்க இயக்குநர் தன் முகத்தையே கிழிக்க வேண்டும். அன்று மாலை பத்திரிகைகளுக்குப் போன குறிப்பையும் பொறுப்பம்மாவே எழுதினார். ‘தொலைநோக்கு’ என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டார். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டார்.

கணக்கு தப்பவில்லை. கம்பெனிகள் கொஞ்ச நாளில் சமரசம் பேச வந்தன. பெரிய கூட்டம், நல்ல பிஸ்கட். பழத்தோட்டக் கம்பெனியின் ஆலோசகர் படம் போட்டு விளக்கினார். ஆறு கோட்டுக்கு மேலே ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தால், கோடு கொஞ்சம் கீழே இறங்கி வரலாமே? விட்டுக்கொடுத்தால்தானே உறவு? ஒரு டப்பா பெயின்ட் போதும், செலவைக்கூட கம்பெனியே ஏற்கும்.

போன வருடமாக இருந்தால் இயக்குநரே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பார். இப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் பத்திரிகைப் பேட்டி கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. “என் கோட்டிலயா கை வைக்கப் பாக்கறீங்க?” என்று மேசையைத் தட்டினார். அது எப்போது அவருடைய கோடானது என்று யாரும் கேட்கவில்லை. பொறுப்பம்மா குனிந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்.

மழை வந்தது. சீல்கள் பிரிக்கப்பட்டன, ஆனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு மீட்டர் உட்கார்ந்தது. ஸ்பேர் இரண்டையும் குளிர்பானத் தொழிற்சாலை விற்றுவிட்டது. பாட்டில் கழுவிய தண்ணீரையே சுத்தம் செய்து மறுபடி கழுவலாம் என்பதையும் அது அப்போதுதான் கண்டுபிடித்தது. அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. திறந்தால் கொட்டுகிறபோது மூளைக்கு என்ன வேலை? இந்தக் கண்டுபிடிப்புக்காக மேனேஜர் மாப்பிள்ளைக்குக் கம்பெனி ஒரு கேடயம் கொடுத்தது. வாசலில் ‘ஆற்றின் உற்ற தோழன்’ என்று பெரிய பலகையும் வைத்தார்கள். பெட்டி அடுக்குகிறவர்களில் பாதிப் பேரைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். அது பலகையில் இல்லை.

இயக்குநர் உயர்ந்து போனார். போகும்போது அவரும் தழுதழுத்தார். பொறுப்பம்மா துணை அலுவலராகவே இருந்தார்.

கேடயம் வந்த பிறகும் நாத்தனார் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வந்து, வாசலைத் தாண்டாமல், நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

“அண்ணா, வீட்ல திடீர்னு விருந்தாளி. எங்க குக்கர் கைப்பிடி உடைஞ்சு போச்சு. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அவங்க பெரிய குக்கர் சாயங்காலம் வரைக்கும் வேணும்.”

கணவர் உள்ளே திரும்பினார். “ஏம்மா, தங்கச்சி குக்கர் கேக்கறா.”

“எடுத்துத் தர்றேன். விசில் லூஸா இருக்கு, கழண்டு விழுந்துடப் போகுது, பாத்துக்கச் சொல்லுங்க.”

“விசில் லூஸா இருக்காம்.”

“கேட்டுச்சு” என்றாள் நாத்தனார். “எத்தனை விசில்ல இறக்கணும்னு கேளு. அவங்க குக்கர், அதோட குணம் எனக்கெப்படித் தெரியும்?”

கணவர் மறுபடி திரும்பினார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவருக்கே அலுத்துவிட்டது. “நான் என்ன போஸ்ட் ஆபீஸா?” என்று இரண்டு பேருக்கும் நடுவிலிருந்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பொறுப்பம்மா நிலைப்படிக்கு வந்தார். குக்கர் பொறுப்பம்மா கையில் இருந்தது.

“மூணு” என்றார் அவர்.

“பருப்புக்கா?”

“பருப்புக்கு நாலு. உள்ள வந்து உக்காரு, அந்த விசிலை முறுக்கித் தர்றேன்.”